சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும்: மறுமலர்ச்சிக் கால ஆட்டங்களை வீட்டில் ஆட ஒரு வழிகாட்டி

வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. தெருவும் சதுக்கமுமாக ஒரு நகரம், அது முழுக்கப் பிள்ளைகள். 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள், 80க்கும் மேற்பட்ட விளையாட்டுகளை ஆடுகிறார்கள். பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், பம்பரம் விடுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள். இடது கீழ்மூலையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து சின்னச் சின்ன எலும்புகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். ஆட்டின் கணுக்கால் எலும்பு அது. கல்லுக்குப் பதில் எலும்பு என்பதைத் தவிர அப்படியே நம் ஐந்தாங்கல்.

அந்த மூலையைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்து. மறுமலர்ச்சிக் காலம் என்றால் லியொனார்டோ, மைக்கலாஞ்சலோ, தேவாலயக் கூரைகள் என்றே படித்திருக்கிறோம். அந்த மனிதர்கள் சாயங்காலம் என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அவர்கள் ஆடியதை ஆடிப் பார்ப்பதுதான் நல்ல வழி. படித்தால் விதி மட்டும் தெரியும். ஆடினால்தான் அந்த ஆட்டம் ஏன் 200 ஆண்டு நிலைத்தது என்று புரியும்.

நான் சொல்லப்போவது சுமார் 1450 முதல் 1620 வரை இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து நாடுகளில் ஆடப்பட்டவை. சில இன்னும் பழையவை, ஆனால் அக்காலத்தில் பரவலாக இருந்தவை. எளிதானதிலிருந்து கடினமானதுக்குப் போகும் வரிசையில் வைத்திருக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் முயல வேண்டாம். வாரம் ஒன்று போதும்.

முதலில் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆறு முகப் பகடை மூன்று வேண்டும். நம் நீளத் தாயக்கட்டை இதற்கு ஆகாது. லூடோ பெட்டியில் வருகிற சதுரப் பகடை சரியாக இருக்கும். ஒரு சீட்டுக்கட்டு, ஒரு சாக்பீஸ், சதுரங்கப் பலகையும் காய்களும். காய்களாகவும் பந்தயமாகவும் வைக்கப் புளியங்கொட்டை ஐம்பது, அறுபது. எதிராளிக்கு வேறு நிறம் வேண்டுமே, அதற்குச் சோழியோ கொண்டைக்கடலையோ எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான். அழகான மரப்பலகை வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இங்கிலாந்தில் கேன்டர்பரி, சாலிஸ்பரி முதலிய பேராலயங்களின் கல் இருக்கைகளில் ஆட்டக் கட்டங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த இடத்தில் கீறி ஆடியவர்கள்தான் இந்த ஆட்டங்களை நமக்குக் கொடுத்தவர்கள்.

காசு வைத்து ஆடாதீர்கள். அக்காலத்தவர் வைத்துத்தான் ஆடினார்கள், சொத்தையும் இழந்தார்கள். கொட்டை வைத்து ஆடினாலே இந்த ஆட்டங்களின் சூடு முழுதாகக் கிடைக்கும் என்று நான் பார்த்த அளவில் உறுதியாகச் சொல்வேன்.

விரல் ஆட்டம்: கைகள் மட்டும் போதும்

முதல் நாள் வந்தவர்களின் கூச்சம் போக மோரா ஆடுங்கள். இத்தாலியர்கள் ரோமானியர் காலத்திலிருந்து ஆடிவருவது. இருவர் எதிரெதிரே நின்று கையை மூடி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இருவரும் ஒன்று முதல் ஐந்து விரல்வரை நீட்ட வேண்டும். நீட்டும் அதே கணத்தில் இருவர் விரல்களின் மொத்தம் எவ்வளவு வரும் என்று ஒரு எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. இருவரும் சரி, அல்லது இருவரும் தவறு என்றால் புள்ளி இல்லை. 11 புள்ளி முதலில் எடுப்பவர் வென்றார்.

பார்க்க வெறும் குருட்டுவாக்கு போலத் தெரியும். பத்து நிமிடம் ஆடுங்கள், எதிராளிக்குப் பிடித்த எண் எது, தோற்றதும் எந்த விரலுக்குப் போகிறார் என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். ரோமானியர்கள் நம்பத் தகுந்த மனிதரை 'இருட்டிலும் இவரோடு விரல் ஆட்டம் ஆடலாம்' என்பார்களாம். ரோமானிய எழுத்தாளர் சிசரோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

மூன்று பகடை: பத்தைத் தாண்டு

அடுத்தது 'பாசேஜ்'. பிரெஞ்சில் 'பாஸ் தீஸ்', அதாவது பத்தைத் தாண்டு. ஒருவர் மூன்று பகடைகளையும் உருட்டுகிறார். மூன்றில் ஏதாவது இரண்டு ஒரே எண்ணாக விழும்வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜோடி விழுந்ததும் மூன்றின் மொத்தத்தைப் பாருங்கள். பத்துக்கு மேல் என்றால் உருட்டியவர் வென்றார், பத்துக்குக் கீழ் என்றால் தோற்றார். சரியாகப் பத்து என்றால் மறுபடி உருட்ட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று பகடைகள் விழக்கூடிய 216 வகையில் ஜோடி உள்ளவை 96. அவற்றில் பத்துக்கு மேல் வருபவை 48, கீழே வருபவை 39, சரியாகப் பத்து 9. ஆகவே உருட்டுபவருக்கு எப்போதும் கொஞ்சம் சாதகம். அதனால் ஒருவரே பகடையை வைத்துக்கொள்ளக் கூடாது. தோற்றால்தான் கைமாறும் என்று வைக்காமல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வட்டமாகக் கைமாறி வரட்டும்.

இந்தக் கணக்கை நான் இன்று சட்டென்று போட முடிகிறது. அக்காலத்தில் மிகச் சிலருக்கே அது வசப்பட்டது. மூன்று பகடையில் 9 வர ஆறு சேர்க்கை, 10 வரவும் ஆறு சேர்க்கை. அப்படியிருந்தும் 10 கொஞ்சம் அதிகம் விழுகிறதே ஏன் என்று சூதாடிகள் குழம்பியிருக்கிறார்கள். கலிலியோ அதற்குச் சின்னதாக ஒரு விளக்கம் எழுதினார். 3, 3, 3 என்பது ஒரே வகையில்தான் விழும். 6, 2, 1 என்பது ஆறு வகையில் விழும். இப்படி எண்ணினால் 9க்கு 25 வகை, 10க்கு 27 வகை. 216இல் 2 மட்டுமே வித்தியாசம். அதை வெறும் கண்ணால் கவனித்திருக்கிறார்கள் என்றால் எத்தனை ஆயிரம் முறை உருட்டியிருக்க வேண்டும்! வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதை உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள். நிகழ்தகவு பாடம் எங்கே பிறந்தது என்பது பகடையைக் கையில் வைத்துக்கொண்டே விளங்கிவிடும்.

ஒன்பது காய் ஆட்டம்

ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நைன் மென்ஸ் மோரிஸ், இத்தாலியில் மூலினோ. ஸ்பெயினில் பத்தாம் அல்போன்சோ அரசர் 1283இல் முடித்த ஆட்ட நூலிலேயே இது இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில், மழை அதிகமாகிப் புல்தரையில் வெட்டிய இந்தக் கட்டம் சேறு மூடிக் கிடக்கிறது என்று ஒரு பாத்திரம் வருந்துகிறது. ஆடு மேய்ப்பவர் முதல் துறவி வரை எல்லோரும் ஆடினார்கள். நமக்கும் இது தூரத்து உறவு இல்லை. கர்நாடகத்தில் 'சாலு மனெ' என்ற பெயரில் இதே கட்டத்தில் ஆடுகிறார்கள்.

தரையில் ஒரு பெரிய சதுரம் போடுங்கள். அதற்குள் ஒரு நடுத்தரச் சதுரம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். பிறகு நான்கு பக்கமும் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வெளிச் சதுரத்திலிருந்து உள் சதுரம்வரை ஒரு கோட்டால் இணையுங்கள். உள் சதுரத்துக்குள் கோடு போகக் கூடாது, அது காலியாக இருக்கும். மூலைக்கு மூலை கோடும் வேண்டாம். இப்போது கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். 24 வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். காய்கள் கட்டத்துக்குள் உட்காராது, இந்தச் சந்திப்புகளில்தான் உட்காரும்.

ஒருவருக்கு ஒன்பது காய். முதல் கட்டத்தில் காய்களை மாறி மாறி ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒரே கோட்டில் உங்கள் மூன்று காய்கள் வரிசையாக அமைந்தால் அது 'மில்'. மில் அமைத்ததும் எதிராளியின் ஒரு காயை எடுத்துவிடலாம். ஆனால் அவருடைய மில்லில் இருக்கும் காயைத் தொடக் கூடாது. எல்லாக் காயும் மில்லில் இருந்தால் மட்டும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்த காய் திரும்பி வராது.

பதினெட்டுக் காயும் வைத்து முடிந்ததும் இரண்டாம் கட்டம். இப்போது ஒவ்வொருவரும் தன் காய் ஒன்றைக் கோட்டின் வழியே பக்கத்துக் காலியிடத்துக்கு நகர்த்த வேண்டும். மறுபடி மில் அமைந்தால் மறுபடி வெட்டு. ஒருவரிடம் மூன்று காய் மட்டும் மிஞ்சினால், அவர் கோட்டைப் பார்க்காமல் எந்தக் காலியிடத்துக்கும் தாவலாம் என்று பலர் ஆடுகிறார்கள். இந்தச் சலுகையை வைத்துக்கொள்ளுங்கள், தோற்கிறவருக்குக் கடைசிவரை உயிர் இருக்கும். இரண்டு காயாகக் குறைந்தாலும் நகர வழியில்லாமல் அடைபட்டாலும் தோல்வி.

இனி, ஆடத் தொடங்கியவர் செய்கிற தவறு. எனக்கும் இது ஒரு மாதம் பிடித்தது. முதல் மில்லை அமைக்கும் அவசரத்தில் காய்களை வெளிச் சதுரத்தின் மூலைகளில் கொண்டுபோய் வைப்போம். மூலையிலிருந்து இரண்டே பக்கம்தான் நகர முடியும். நடுச் சதுரத்தின் பக்க நடுப்புள்ளிகள் நான்கைப் பாருங்கள். அவற்றிலிருந்து நான்கு பக்கமும் வழி இருக்கிறது. முதலில் அவற்றைப் பிடியுங்கள். வைக்கும்போது மில் அமைப்பதைவிட, வைத்து முடிந்த பிறகு நகர இடம் இருக்கிறதா என்பதுதான் பெரிது. முதலில் இரண்டு காய் வெட்டியவர் அப்புறம் அடைபட்டுத் தோற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து இரட்டை மில்லைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மில் முழுதாக அமைந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே இரண்டு காய் ஒரே கோட்டில் மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறது. முதல் மில்லிலிருந்து ஒரு காயை நகர்த்தி இரண்டாவதை முடித்தால் ஒரு வெட்டு. அடுத்த முறை அதே காயைத் திருப்பி வைத்தால் முதல் மில் மறுபடி அமையும், இன்னொரு வெட்டு. இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு காய் போய்க்கொண்டே இருக்கும். எதிராளி இதை அமைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்த உடனே குறுக்கே ஒரு காயைப் போடுங்கள். அமைந்துவிட்டால் பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது.

இருவரும் பிழையே இல்லாமல் ஆடினால் இந்த ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று ரால்ப் காஸர் 1993இல் கணினி கொண்டு நிறுவினார். அதனால் உற்சாகம் குறைய வேண்டியதில்லை. நாம் யாரும் அப்படி ஆடப்போவதில்லை.

நரியும் வாத்துகளும்

ஆடுபுலி ஆடியவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. கூட்டல் குறி வடிவில் கட்டம். புள்ளிகளாகச் சொன்னால் ஏழு வரிசை: மூன்று, மூன்று, ஏழு, ஏழு, ஏழு, மூன்று, மூன்று. மொத்தம் 33. நேர்க்கோடுகளால் இணையுங்கள். குறுக்குக் கோடு போட்ட பலகைகளும் உண்டு, தொடக்கத்தில் அது வேண்டாம்.

நம்மிடம் மூன்று புலி, பதினைந்து ஆடு. இங்கே ஒரே நரி, பதின்மூன்று வாத்து. மேல் இரண்டு வரிசையில் ஆறு, அதற்குக் கீழே நீள வரிசையில் ஏழு என்று வாத்துகளை நிரப்பினால் கணக்கு சரியாக வரும். ஆடுபுலியில் ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்குவோம், இங்கே எல்லாம் முதலிலேயே களத்தில். நரியைக் காலியான ஒரு புள்ளியில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரு முறைக்கு ஒரு புள்ளி நகரலாம். நரி மட்டும் பக்கத்து வாத்தைத் தாண்டி அடுத்த காலியிடத்தில் இறங்கி அதை வெட்டலாம், வழி இருந்தால் ஒரே முறையில் இரண்டு மூன்றுகூட. வாத்துகளுக்கு வெட்டும் உரிமை இல்லை. நரியை நகர முடியாமல் மடக்கினால் அவற்றுக்கு வெற்றி.

இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்ட் 1461 முதல் 1483 வரை ஆண்டவர் (நடுவில் சில மாதம் அரியணை இழந்திருந்தார்). அவருடைய அரண்மனைக் கணக்கில், வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய 2 நரிகளும் 26 வேட்டைநாய்களும் வாங்கிய பதிவு இருக்கிறது. வாத்துக்குப் பதில் நாய், எண்ணிக்கை அதே பதின்மூன்று. இரண்டு செட் வாங்கியிருக்கிறார்.

முதல் சில ஆட்டங்களில் நரியே வெல்லும். வாத்துகளைத் தனித்தனியாக முன்னே விடுவதுதான் காரணம். ஒவ்வொரு வாத்துக்குப் பின்னாலும் இன்னொன்று இருக்கும்படி வரிசையாகவே நகர்த்துங்கள், நரிக்குத் தாவி இறங்க இடமே கிடைக்காது. ஆடுபுலியில் ஆட்டுப் பக்கம் ஆடிப் பழகியவர்களுக்கு இது கையிலேயே இருக்கும்.

வாத்துப் பாதை: 63 வீடு

குடும்பமாக ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆட இதைவிட நல்லது இல்லை. இத்தாலியில் பிறந்தது. பிளாரன்ஸின் பிரான்செஸ்கோ த மெடிச்சி ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு இதைப் பரிசாக அனுப்பினார். 1597இல் லண்டனில் ஜான் வுல்ஃப் என்ற அச்சகத்தார் இதை அச்சிடப் பதிவு செய்தார். அச்சிட்ட தாளாக வந்து ஐரோப்பா முழுக்கப் பரவிய பலகை ஆட்டங்களில் முந்தியது இதுவே.

ஒரு பெரிய தாளில் நத்தை ஓடு போலச் சுருளாக 63 வீடு வரையுங்கள். வெளியே தொடங்கி நடுவில் முடிய வேண்டும். 5, 9, 14, 18, 23, 27, 32, 36, 41, 45, 50, 54, 59 ஆகியவற்றில் வாத்துப் படம். இரண்டு பகடை உருட்டி விழுந்த அளவு நகர வேண்டும். வாத்தில் நின்றால் அதே எண்ணிக்கை இன்னொரு முறை முன்னே போகலாம். 6இல் பாலம், நேராக 12க்குப் போகலாம். 19இல் சத்திரம், கொட்டை கட்டிவிட்டு இரண்டு முறை உட்கார வேண்டும். 31இல் கிணறு, 52இல் சிறை: இன்னொருவர் அங்கே வந்து விழும்வரை வெளியே வர முடியாது. வந்தவர் புறப்பட்ட வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும். 42இல் சிக்கல்பாதை, 39க்குப் பின்வாங்க வேண்டும். சில தாள்களில் 30 என்று இருக்கும். 58இல் மரணம், முதலிலிருந்து தொடங்க வேண்டும். 63இல் சரியாக விழ வேண்டும், அதிகமானால் அந்த அளவு திரும்பி வர வேண்டும்.

ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். முதல் உருட்டிலேயே 9 விழுந்தால் என்ன ஆகும்? 9, 18, 27, 36, 45, 54 எல்லாம் வாத்து. ஒரே ஓட்டத்தில் 63க்குப் போய் ஆட்டமே முடிந்துவிடும். அதனால் முதல் உருட்டு 6, 3 என்றால் 26க்கும், 5, 4 என்றால் 53க்கும் போக வேண்டும் என்று தனியாக விதி வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை அமைத்தவர் எவ்வளவு கவனமானவர் பாருங்கள். 63 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. ஏழின் மடங்கும் ஒன்பதின் மடங்கும் வாழ்க்கையில் கண்டம் உள்ள வயது என்று அக்காலத்தவர் நம்பினார்கள். இரண்டும் சேரும் 63தான் எல்லாவற்றிலும் பெரிய கண்டம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதன் உருவம் பழக்கமாகத் தெரியும், உள்ளம் வேறு. பரமபதத்தில் நல்ல குணம் ஏணியாகி ஏற்றும், கெட்ட குணம் பாம்பாகி இறக்கும். வாத்துப் பாதையில் குணத்துக்கு வேலையே இல்லை. சத்திரம், கிணறு, சிறை, சாவு என்று வழிப்போக்கனுக்கு வருகிற துன்பங்கள்தான். எனக்குப் பரமபதமே பிடிக்கும். ஆனால் கிணற்றில் மாட்டிக்கொண்டவர் அடுத்தவர் எப்போது விழுவார் என்று ஏங்குவதைப் போலச் சிரிப்பு அதில் வராது.

பிரிமெரோ: அரசவைச் சீட்டு

சீட்டாட்டத்துக்குக் கடைசிவரை காத்திருங்கள் என்று சொல்வதற்குக் காரணம், இதற்குக் கணக்கும் துணிவும் சேர்ந்து வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசவைகளின் செல்லச் சீட்டாட்டம் பிரிமெரோ. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் அவர் மகள் எலிசபெத்தும் ஆடினார்கள். அதே ஹென்றி 1541இல் கொண்டுவந்த சட்டம், கைவினைஞர்களும் உழவர்களும் வேலையாட்களும் கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாள்களில் சீட்டு, பகடை, டென்னிஸ் ஆடக் கூடாது, வில் பழக வேண்டும் என்றது. பிளாரன்ஸில் 1497 பிப்ரவரி 7 அன்று சவோனரோலா என்ற துறவியின் ஆட்கள் மூட்டிய தீயில் ஓவியங்களோடும் முகக் கண்ணாடிகளோடும் சீட்டுக்கட்டுகளும் பகடைகளும் எரிந்தன.

முழு விதியையும் அக்காலத்தவர் எவரும் ஒரே இடத்தில் எழுதி வைக்கவில்லை. நமக்கு நல்ல துணை ஜிரோலமோ கார்டானோ. பவியாவில் 1501இல் பிறந்த மருத்துவர், கணித மேதை, ஓயாத சூதாடி. சதுரங்கத்தில் 40 ஆண்டுக்கு மேலும் பகடையில் ஏறக்குறைய 25 ஆண்டும் கழித்ததாக அவரே தன் வாழ்க்கைக் கதையில் வருந்தி எழுதியிருக்கிறார். சூதாட்டம் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்து நெடுநாள் கழித்து 1663இல் அச்சானது. அதில் பிரிமெரோவின் சேர்க்கைகள் வரிசையாக உள்ளன. அவற்றை வைத்து நாங்கள் ஆடும் முறை இது.

கட்டிலிருந்து 8, 9, 10 எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், 40 சீட்டு மிஞ்சும். இத்தாலியில் கிண்ணம், நாணயம், வாள், தடி என்ற நான்கு இனம். நமக்கு ஆட்டின், டைமன், இஸ்பேட், கிளாவர் போதும். மதிப்பை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள்: ஏழுக்கு 21, ஆறுக்கு 18, ஏஸுக்கு 16, ஐந்துக்கு 15, நாலுக்கு 14, மூன்றுக்கு 13, இரண்டுக்கு 12, ராஜா ராணி ஜாக்கிக்குத் தலா 10. படச்சீட்டுதான் இங்கே மட்டம். இது மனதில் படியவே இரண்டு மூன்று சுற்று ஆகும்.

நாலு முதல் ஆறு பேர் உட்காரலாம். ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில். இரண்டு சீட்டு போட்டதும் ஒரு சுற்றுப் பந்தயம். ஏற்றலாம், ஈடு கொடுக்கலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். பிறகு இன்னும் இரண்டு சீட்டு. ஒரே ஒருமுறை வேண்டாத சீட்டைக் கொடுத்துப் புதிது வாங்கலாம். மறுபடி பந்தயம், பிறகு காட்ட வேண்டும்.

சேர்க்கைகளைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். ஒரே இனத்தில் இரண்டோ மூன்றோ சீட்டு இருந்தால் அவற்றின் மதிப்பை மட்டும் கூட்டுவது 'எண்'. நாலும் நாலு இனம் என்றால் பிரிமெரோ. ஒரே இனத்து ஏழு, ஆறு, ஏஸ் மூன்றும் கையில் இருந்தால் சுப்ரீமஸ், கூட்டினால் 55. நாலும் ஒரே இனம் என்றால் ஃப்ளக்ஸஸ். நாலு ஏழு, நாலு ராஜா என்று ஒரே மதிப்பில் நான்கு வந்தால் கோரஸ், அதற்கு மேல் எதுவுமில்லை. ஒரே வகை இருவருக்கு வந்தால் கூட்டுத்தொகை பெரியவர் வெல்வார்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். ஆட்டின் 7, ஆட்டின் 5, இஸ்பேட் ராஜா, கிளாவர் 3. இப்போது உங்களிடம் இருப்பது 'எண்' 36, மோசமில்லை. ஆட்டின் ஐந்தைக் கொடுத்து டைமன் ஒன்று வாங்கிவிட்டால் பிரிமெரோ. உங்களுக்குத் தெரியாத 36 சீட்டில் டைமன் 10, அதாவது நாலில் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிக வாய்ப்பு. வராவிட்டால் கையில் இருந்த 36ம் போய்விடும். பிரிமெரோவின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கூடவே, சீட்டே மாற்றாமல் அமைதியாக ஏற்றுகிற எதிர்வீட்டு அத்தையின் முகத்தையும் படிக்க வேண்டும். மூணு சீட்டு தெரிந்தவர்களுக்கு அந்தக் கலை ஏற்கெனவே வரும்.

காரவாஜியோ 1594 வாக்கில் வரைந்த சீட்டாடிகள் ஓவியத்தை ஒருமுறை பாருங்கள். பட்டு உடுத்திய பணக்காரப் பையன் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் நிற்கிற ஆள் அதை எட்டிப் பார்த்து விரலால் சைகை காட்டுகிறான். எதிரே இருக்கிற இளைஞன் முதுகுப் பக்கம் செருகிய சீட்டை உருவுகிறான். ஆட்டத்துக்கு முன்பு அதைக் காட்டிவிட்டு உட்காருங்கள். எல்லோரும் தங்கள் சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார்கள்.

சதுரங்கத்தில் ஒரு பரிசோதனை

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனது எல்லோருக்கும் தெரிந்ததே. அது இன்றைய வடிவம் எடுத்தது மறுமலர்ச்சிக் காலத்தில்தான். அதுவரை இன்றைய ராணி இருக்கும் இடத்தில் இருந்த காய் மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும். இன்று மூலைவாட்டில் ஓடும் காய் அப்போது மூலைவாட்டிலேயே இரண்டாம் கட்டத்துக்குத் தாவ மட்டும் செய்யும். அது முதலில் யானை. ஸ்பானிய மொழியில் அதை இன்றும் அரபுச் சொல்லால் யானை என்றே அழைக்கிறார்கள். 1475 வாக்கில் ஸ்பெயினின் வலென்சியாவில் எழுதிய ஒரு கவிதையில் புதிய ராணி முதன்முறையாகப் பாய்கிறாள். 1497இல் சலமாங்காவில் லூசெனா அச்சிட்ட நூலில் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கின்றன. இத்தாலியர்கள் புது வகையை 'வெறிபிடித்த சதுரங்கம்' என்றார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நகர்வில் ஒரு ஆட்டம், உடனே புதிய நகர்வில் ஒரு ஆட்டம். பழையது மெதுவாக, மலை ஏறுவது போல இருக்கும். புதியதில் நாலாவது நகர்விலேயே மேட் ஆகலாம். அந்த 'வெறி' என்ற சொல்லின் பொருள் அப்போது தெரியும்.

வெளியே போய்ப் பார்க்க வேண்டியவை

டாரோ சீட்டு பற்றிக் கேட்பீர்கள். 78 சீட்டுள்ள அந்தக் கட்டு 1440களில் வட இத்தாலியில் பிறந்தது ஆட்டத்துக்காகத்தான். அதை வைத்து ஜோசியம் பார்ப்பது 18ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கம். ஆட்டம் அருமையானது, ஆனால் தனிக் கட்டு வேண்டும் என்பதால் தொடக்கக்காரருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் போனால் மேரி ரோஸ் கப்பலைப் பாருங்கள். எட்டாம் ஹென்றியின் அந்தப் போர்க்கப்பல் 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்டது. தச்சரின் அறையில் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் வகைப் பலகை ஒன்று கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஃபாக்லந்து அரண்மனையில் 1539இல் கட்டிய டென்னிஸ் களத்தில் இன்றும் ஆடுகிறார்கள். உள்ளங்கையால் பந்தை அடித்துத் தொடங்கிய ஆட்டம் அது.

ஜூன் மாதத்தில் பிளாரன்ஸில் இருக்க வாய்த்தால் கால்சியோ என்ற பழைய கால்பந்து வகையைப் பாருங்கள். சாந்தா குரோச்சே சதுக்கத்தில் மணலைக் கொட்டி, பக்கத்துக்கு 27 பேராக 50 நிமிடம் மோதுவார்கள். 1530 பிப்ரவரி 17 அன்று நகரத்தைப் பேரரசின் படை முற்றுகையிட்டிருந்தபோது, நாங்கள் பசியால் சாகவில்லை என்று காட்ட இதே சதுக்கத்தில் ஆடினார்கள். அதன் நினைவாகத்தான் இன்றைய ஆட்டம். நான்கு பேட்டைகள், நான்கு நிறம்: நீலம், சிவப்பு, வெள்ளை, பச்சை. இறுதி ஆட்டம் வழக்கமாக ஜூன் 24, நகரத்தின் காவல் புனிதர் யோவான் திருநாள் அன்று. மரபான பரிசு கியானினா என்ற மாட்டினத்துக் கன்று. இதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். குத்தும் மல்யுத்தமும் இதில் விதிக்கு உட்பட்டவை.